தாத்தா காருக்கு எந்த இன்ஜின் பொருத்தலாம்? எண்ணூர் சொல்லும் பாடம்!

மணலி புதுநகரில் ஒரு பழைய கார் வைத்திருப்பவருக்கு எதிரிகள் மூன்று. கடல் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று, திருவொற்றியூர் - பொன்னேரி சாலையில் இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி, கொசஸ்தலை ஆறு. முதல் இரண்டும் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மூன்றாவது ஒரே ராத்திரியில் முடித்துவிடும். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று பூண்டியிலிருந்து உபரி நீர் திறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் இந்தப் பகுதி மக்கள் முதலில் பார்த்தது ஆற்றின் மட்டத்தை, அடுத்து பார்த்தது வாசலில் நின்ற வண்டியை.

தண்ணீர் வடிந்த பிறகு புது கார் என்றால் இன்ஷூரன்ஸ், சர்வீஸ் சென்டர் என்று ஒரு வழி இருக்கிறது. தாத்தா வாங்கிய அம்பாசடரோ, அப்பா ஆசையாக நிறம் மாற்றி, சீட் மாற்றி, தனக்கென்று செதுக்கி வைத்த ஆஸ்டினோ என்றால்? பானெட்டைத் திறந்து பார்க்கும் மெக்கானிக் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “இன்ஜின் ஜாம் ஆயிடுச்சுண்ணே.” அடுத்த வார்த்தையும் தயாராக இருக்கும்: “இதைத் தூக்கிப் போட்டுட்டு ஜிப்சி இன்ஜின் வெச்சுரலாம். பட்டுன்னு ஓடும்.”

அங்கேதான் குடும்பத்துக்குள் பஞ்சாயத்து தொடங்கும். “ஓடினால் போதும்” என்பார் ஒருவர். “அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அது அப்பா கார் இல்லை” என்பார் இன்னொருவர். செலவாகப்போவது சில ஆயிரங்கள் அல்ல, லட்சத்தைத் தொடும் சமாச்சாரம். சட்டமும் இதில் தலையிடுகிறது. அதனால், முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

இன்ஜின் மாற்றம் இந்த ஊருக்குப் புதிதல்ல

மணலி புதுநகருக்குப் பக்கத்து ஊரான எண்ணூரிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய ‘அசோக் மோட்டார்ஸ்’, இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை இங்கே எண்ணூரில்தான் பாகம் பாகமாக இறக்கிப் பொருத்தி விற்றது. பின்னர் லேலண்ட் நிறுவனத்துடன் கைகோத்து, 1955-ல் ‘அசோக் லேலண்ட்’ என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எங்காவது ஒரு வீட்டில் அந்தக் கால ஏ40 நிற்கிறது என்றால், அது எண்ணூரில் பூட்டிய வண்டியாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

பக்கத்தில் திருவொற்றியூர். 1955 முதல் புல்லட் பிறந்த இடம். பெட்ரோல் வண்டியான புல்லட்டுக்கு, 1990-களில் கிரீவ்ஸ் தயாரித்த 325 சிசி லொம்பார்டினி டீசல் இன்ஜினைப் பொருத்தி ‘டாரஸ்’ என்ற பெயரில் கம்பெனியே விற்றது. மைலேஜ் வாரி வழங்கியது. வேகமும் அதிர்வும்தான் பிரச்னை. புகை விதிகள் கடுமையானதும் அந்தக் கதை முடிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி செம்பியம். அங்கே சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜின்களைத் தயாரித்த காலத்தில், பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்த பழைய லாரிகள் பல அந்த இன்ஜினுக்கு மாறி மறுவாழ்வு பெற்றன.

ஆக, ‘வண்டி ஒன்று, இன்ஜின் வேறொன்று’ என்பது வடசென்னைக்குத் தெரியாத வித்தை அல்ல. எது ஒத்துப்போகும், எது ஒத்துப்போகாது என்பதுதான் கேள்வி. அதற்குப் பெரிய கம்பெனிகளே பரீட்சை எழுதிக் காட்டியிருக்கின்றன.

மூன்று கார்கள், மூன்று பாடங்கள்

முதல் பாடம், ஸ்டாண்டர்டு 2000. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த கார். உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1977-ல் ‘ஐரோப்பாவின் சிறந்த கார்’ விருது வாங்கிய அழகி. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜின்கூட உண்டு. இங்கே பொருத்தியதோ 1940-களில் வடிவமைத்த வேன்கார்டு குடும்பத்தின் 1,991 சிசி இன்ஜின். ஃபெர்குசன் டிராக்டரில் உழுததும் இதே குடும்பத்து இன்ஜின்தான். இன்ஜின் கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அந்த உடம்புக்கு அது பொருந்தவில்லை. சில ஆண்டுகளிலேயே கார் நின்றுபோனது. வண்டிக்கும் இன்ஜினுக்கும் வயதும் சுபாவமும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, கான்டெஸா. 1984-ல் வந்தபோது, ஒரு டன்னைத் தாண்டிய அந்த உடம்பை அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினே இழுத்தது. பார்க்க ராஜா, மேம்பாலம் ஏறும்போது தாத்தா. பின்னர் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினும் 5 கியரும் வந்த பிறகுதான் கான்டெஸா என்ற பெயருக்கே மரியாதை வந்தது. எடைக்கு ஏற்ற சக்தி வேண்டும் என்பது இதன் பாடம்.

மூன்றாவது, அம்பாசடரே. 1950-களின் உடம்புக்கு 1990-களில் அதே இசுசு 1.8 இன்ஜினைக் கம்பெனியே பொருத்தியது. வண்டி விறுவிறுவென்று ஓடியது. ஆனால், ஓடினால் மட்டும் போதாதே, நிற்கவும் வேண்டுமே? பின்னாளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்ஜினை மாற்றுகிறவர் பிரேக்குக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1932-ல் ஃபோர்டு கொண்டுவந்த வி8, பழைய கார்களை உருமாற்றும் இளைஞர்களின் செல்லமானது. 1955-ல் செவர்லே தனது சிறிய வி8 இன்ஜினை இறக்கியதும் பலரும் அதற்குத் தாவினார்கள். காரணம் சக்தி மட்டுமல்ல. விலை குறைவு, எடை குறைவு, எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். நம் ஊருக்கும் அதே கணக்குதான் பொருந்தும்.

முதலில், பழைய இன்ஜின் உண்மையிலேயே செத்துவிட்டதா?

வெள்ளத்தில் மூழ்கிய காரில் செய்யும் மிகப் பெரிய தப்பு, தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுத் திருகுவது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிழைத்திருக்க வேண்டிய இன்ஜின் அந்த ஒரு நொடியில்தான் சாகிறது.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இன்ஜின் ஆயில் ஊற்றி ஊறவிடுங்கள். அடியில் ஆயில் சம்ப்பைத் திறந்து பாருங்கள். ஆயில் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆயிலையும் மாற்ற வேண்டும். இரண்டொரு நாள் கழித்து, ஸ்டார்ட்டரைத் தொடாமல் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், இன்ஜினை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் வால்வோ, ஹெட் கேஸ்கட்டோ காரணமாக இருக்கலாம். எல்லாமே இறங்கியிருந்தால் போரிங் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து, புது பேரிங் செட் மாட்ட வேண்டும். ஏற்கெனவே பலமுறை போரிங் செய்த பிளாக் என்றால் லைனர் இறக்கி மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவரலாம். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு ஆயுசு கெட்டி. பிளாக்கே விரிசல் விட்டிருந்தால்தான் நிலைமை நிஜமாகவே சிக்கல்.

ஓவராயில் செய்யும்போது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வது நல்லது. ஒன்று, எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான உலோகத்தில் சீட் போடுவது. பழைய இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைக்கப்பட்டவை. நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-ல். அதன் பிறகு வால்வு சீட் தேய்மானம் இந்த இன்ஜின்களின் தலைவலி. இரண்டு, கார்புரேட்டரின் ரப்பர் சமாச்சாரங்கள், பெட்ரோல் ஹோஸ், ஃப்யூல் பம்ப் டயாஃப்ரம் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பரை அது ஊறவைத்து உதிர்த்துவிடும். வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றால் டேங்க்கில் ஈரமும் சேரும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்?

பழைய இன்ஜின் தேறாது என்று தெரிந்த பிறகு, கீழ்க்கண்ட வரிசையில் யோசிக்கலாம்.

*அதே இன்ஜின், வேறு வண்டியிலிருந்து:* இதுதான் முதல் சாய்ஸ். அம்பாசடருக்கு இது பெரிய பிரச்னையில்லை. 2014 வரை உற்பத்தியில் இருந்த கார் என்பதால் புதுப்பேட்டையில் தேடினால் இன்ஜினும், ஜி.பி. ரோட்டில் தேடினால் ஸ்பேரும் கிடைக்கும். மவுன்டிங், கிளட்ச், கியர் எதையும் தொட வேண்டாம்.

*அதே குடும்பத்து இன்ஜின்:* ஆஸ்டின் ஏ40 வைத்திருப்பவருக்கு 1,200 சிசி இன்ஜின் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால், ஒரு நல்ல செய்தி உண்டு. அம்பாசடரில் ஓடும் ‘பி சீரிஸ்’ இன்ஜினுக்கு முன்னோடியே ஏ40-யின் இன்ஜின்தான். ஒரே வம்சம். எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே பி சீரிஸின் 1,489 சிசிதான். பாகங்கள் அப்படியே மாறிப் பொருந்தாது. பிளாக்கின் நீளமும் வேறு. மவுன்டிங்கும் ரேடியேட்டர் இடைவெளியும் திருத்த வேண்டும். ஆனால் சத்தம், சுபாவம், இழுவை எல்லாம் நெருங்கிய சொந்தம். அம்பாசடர் ரிப்பேர் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைக் கவனித்துக்கொள்வார்.

*கம்பெனியே பரீட்சித்த இன்ஜின்:* அம்பாசடர், கான்டெஸா இரண்டுக்கும் இசுசு 1.8. இன்ஜினை மட்டும் வாங்காமல் கியர் பாக்ஸ், மவுன்டிங், ரேடியேட்டர், புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று முழு செட்டாக வாங்கினால் வெல்டிங் வேலை குறையும். பிரேக்கும் அந்த மாடலுடையதே வேண்டும்.

*ஜிப்சி இன்ஜின்:* மெக்கானிக்குகள் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கார்களில் இன்ஜின் நீளவாட்டில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும். இன்றைய கார்களில் பெரும்பாலும் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டும். அதனால் ஒரு ஸ்விஃப்ட் இன்ஜினைத் தூக்கிப் பழைய காரில் வைப்பது சுலபமல்ல. மாருதி ஜிப்சியின் 1,298 சிசி இன்ஜின் நீளவாட்டில் இருப்பது, எடை குறைவு, 5 கியர், ஸ்பேர் கிடைக்கும். ஆனால், கவனிக்க வேண்டியவையும் உண்டு. பழைய இன்ஜின் குறைந்த வேகத்திலேயே இழுக்கும். இது சுற்றினால்தான் இழுக்கும். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் ஒத்துப்போகாவிட்டால், வண்டி கத்துமே தவிர ஓடாது. எம்.பி.எஃப்.ஐ. ரகம் என்றால் வயரிங், டேங்க்குக்குப் புது பம்ப், கம்ப்யூட்டர் எல்லாம் வரும். ஏ40 போன்ற அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் முறை இருப்பதை மறந்து இணைத்தால் கம்ப்யூட்டர் அந்த இடத்திலேயே காலி.

*டீசல்:* கனம் அதிகம், அதிர்வு அதிகம். முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் தொங்கிப்போகும். 70 வருஷத்து உடம்பில் வெல்டிங் விட்டுப்போகும். மைலேஜுக்காக இதைச் செய்த காலம் முடிந்துவிட்டது. வருஷத்துக்கு நாலு முறை எடுக்கும் காருக்கு மைலேஜ் கணக்கு எதற்கு?

*மின்சார மோட்டார்:* அங்கீகாரம் பெற்ற கன்வர்ஷன் கிட்டாக இருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால், வெள்ளம் வரும் ஊரில் பேட்டரியை எந்த உயரத்தில் வைப்பது என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிரேக்கை மறக்க வேண்டாம். ஏ40-யில் முன்சக்கரங்களுக்கு ஹைட்ராலிக், பின்சக்கரங்களுக்கு ராடு இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். 40 குதிரைத் திறனுக்குப் போட்ட கணக்கு அது. அதில் 80 குதிரைத் திறனைப் பூட்டிவிட்டு, கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போவது வீரமல்ல.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன கேட்பார்கள்?

பலர் கோட்டைவிடும் இடம் இது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. இன்ஜின் மாறினால் அந்த நம்பரும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாமல் மாற்றினால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

அதனால், இன்ஜின் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக விண்ணப்பித்து, எந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதே ரக இன்ஜின் என்றால் பாதை எளிது. வேறு கம்பெனி இன்ஜின் என்றால் கடினம், மறுக்கப்படவும் கூடும். புதுப்பேட்டையில் வாங்கினால் பில், இன்ஜின் நம்பர், எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். நம்பர் அழிக்கப்பட்ட இன்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால், விபத்து நேரத்தில் கை விரித்துவிடுவார்கள்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு ‘வின்டேஜ்’ வாகனங்களுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டிய, சொந்த உபயோக கார்களும் பைக்குகளும் இதில் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும், நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். நிபந்தனை ஒன்றுதான் பெரியது: வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ, பாடியிலோ, இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

அதாவது, 1950-ன் ஆஸ்டினுக்கோ 1970-ன் அம்பாசடருக்கோ இன்று அவசரப்பட்டு வேறு இன்ஜின் பூட்டினால், அந்த வண்டிக்குக் கிடைக்க வேண்டிய ‘வின்டேஜ்’ அந்தஸ்து கைநழுவிப் போகலாம். சந்தை மதிப்பும் அதோடு இறங்கும். அசல் நம்பருள்ள இன்ஜினோடு நிற்கும், ஓடாத கார், வேறு இன்ஜினோடு ஓடும் காரைவிட அதிக விலைக்குப் போவது சேகரிப்பாளர்கள் உலகில் சகஜம்.

ஆகவே, முடிவு?

காரை அடிக்கடி ஓட்ட வேண்டும், அது ஏற்கெனவே பல கைகள் மாறி உருமாறிய கஸ்டம் வண்டி, அசல் இன்ஜின் எப்போதோ போய்விட்டது என்றால், அனுமதி வாங்கி, பிரேக்கைச் சரிசெய்து, நல்ல இன்ஜினாகப் பொருத்திக்கொள்வதில் தப்பில்லை. ஆனால், அசல் இன்ஜின் இன்னும் வண்டியில் இருக்கிறது என்றால், முதல் செலவு லேத் பட்டறைக்கே போகட்டும். தற்காலிகமாக மாற்றுவதாக இருந்தாலும் இரண்டு நிபந்தனைகள்: சேஸிஸை வெட்டக் கூடாது, பழைய இன்ஜினைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. ஆயில் ஊற்றி, பிளாஸ்டிக் சுற்றி, பரண் உயரத்தில் மேடை கட்டி வையுங்கள். அடுத்த தலைமுறையில் யாருக்காவது மனசு மாறினால் திரும்பப் பூட்டிக்கொள்ள வழி இருக்கும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது. பூண்டி ஏரியிலிருந்து உபரி நீர் திறக்கும் அறிவிப்பு வந்தால் காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று இப்போதே ஒரு மேட்டு இடம் பேசி வையுங்கள். பேட்டரி சார்ஜ் இருக்கட்டும், டயரில் காற்று இருக்கட்டும், கயிறு கட்டி இழுக்க ஒரு நண்பர் இருக்கட்டும். இன்ஜின் மாற்றுவதைவிட இது மலிவு.